மருத்துவர் ஜான் கேட்: லித்தியம் மருந்தின் பயன் அறியப்பட்ட வரலாறு

இருமுனை மனநிலைக் கோளாறு உடையோருக்கு உலகெங்கும் வழங்கப்படும் மருந்துகளுள் லித்தியம் முதன்மையானது. மேனியா எனப்படும் மிகையெழுச்சி நிலையை இம்மருந்து தணிக்கும் என்பதை 1949ஆம் ஆண்டில் மருத்துவ உலகிற்கு எடுத்துரைத்தவர் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் ஆவார். ஆயினும் ஒரு மருந்து ஒருவரை நலமாக்கியது என்பது வேறு; அது பலருக்கும் பல்லாண்டுகள் பாதுகாப்பாகப் பயன்படும் என்பது வேறு. முன்னதிலிருந்து பின்னதை அடைய ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தேவைப்பட்டன. இடையில் உயிர்களும் இழக்கப்பட்டன.

லித்தியம் உட்கொள்வோரிடம் மருத்துவர் ஏன் அடிக்கடி இரத்தப் பரிசோதனை கேட்கிறார், உறக்கம் பற்றியும் வேலைக்குச் சென்ற நாள்கள் பற்றியும் மாத்திரை தவறிய நாள்கள் பற்றியும் ஏன் வினவுகிறார் என்னும் ஐயங்களுக்கு இவ்வரலாற்றில் விடை உண்டு. திருநெல்வேலியிலும் தாமிரபரணிக் கரையோர ஊர்களிலும் வாழும் நோயாளர்களும் அவர்தம் குடும்பத்தாரும் கவனிக்க வேண்டியவை இறுதிப் பகுதிகளில் தரப்பட்டுள்ளன.

இளமையும் கல்வியும்

ஜான் ஃபிரடெரிக் ஜோசப் கேட் 1912ஆம் ஆண்டு ஜனவரி 18 அன்று ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்திலுள்ள மர்ட்டோவா என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையும் மருத்துவரே. முதல் உலகப் போரில் பணியாற்றி உடலும் உள்ளமும் சோர்ந்து திரும்பிய அவர், ஊரில் நடத்திவந்த மருத்துவத் தொழிலைக் கைவிட்டு அரசு மனநல மருத்துவமனைகளில் பணியேற்றார். குடும்பமும் அம்மருத்துவமனை வளாகங்களிலேயே குடியிருந்தது. எனவே, பொதுமக்கள் அஞ்சி விலகிய நோயாளர்களை அண்டை வீட்டாராகக் கண்டு வளரும் வாய்ப்பு கேட்டிற்குச் சிறுவயதிலேயே கிட்டியது.

மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று 1934ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். இளம் மருத்துவராக இருந்தபோது கடும் நுரையீரல் அழற்சியால் உயிருக்குப் போராடி மீண்டார். பின்னர்த் தந்தையைப் போன்றே மனநல மருத்துவத்தைத் தேர்ந்து, 1936ஆம் ஆண்டில் மான்ட் பார்க் மனநல மருத்துவமனையில் பணியில் சேர்ந்தார்.

சாங்கிப் போர்க்கைதி முகாம்

இரண்டாம் உலகப் போரில் கேட் இராணுவ மருத்துவ அதிகாரியாகச் சிங்கப்பூருக்கு அனுப்பப்பட்டார். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. அதன்பின் மூன்றரை ஆண்டுகள் சாங்கியில் போர்க்கைதியாக இருந்தார். அங்கே மனநோயுற்ற கைதிகளைக் கவனிக்கும் பொறுப்பு அவருக்கு அளிக்கப்பட்டது. உணவும் மருந்தும் அரிதாக இருந்த அம்முகாமில், உடற்குறைபாடு மனத்தைக் குலைப்பதை அவர் நாள்தோறும் கண்டார். கடும் மனநோய்களுக்கு உடலில் ஏதேனும் காரணம் இருத்தல் வேண்டும் என்னும் எண்ணம் அவருள் உறுதிப்பட்டது.

அக்காலத்தில் மனநோய்க்குப் பயனுள்ள மருந்து ஏதும் இல்லை எனலாம். தூக்க மருந்துகளும் மின்னதிர்வுச் சிகிச்சையும் இருந்தன. மிகையெழுச்சி நீங்காத நோயாளர்கள் பல ஆண்டுகள், சிலர் வாழ்நாள் முழுவதும், மருத்துவமனைக்குள்ளேயே கழித்தனர்.

பண்டக அறையில் நடந்த ஆய்வு

போர் முடிந்து ஊர் திரும்பிய கேட், மெல்போர்ன் அருகே பண்டூராவிலுள்ள முன்னாள் படைவீரர் மனநல மருத்துவமனையில் பணியாற்றினார். ஆய்வுக்கூட வசதி ஏதும் இல்லாமையால், பயன்பாட்டில் இல்லாத சமையற்கூடப் பண்டக அறையையே ஆய்வுக்கூடமாக்கிக்கொண்டார். மிகையெழுச்சி என்பது உடலில் மிகுந்துவிட்ட ஏதோ ஒரு பொருளின் விளைவாக இருக்கலாம் என்றும், அப்பொருள் சிறுநீரில் வெளிப்படலாம் என்றும் அவர் கருதினார். நோயாளர்களின் சிறுநீரைக் கினிப்பன்றிகளுக்குச் செலுத்திப் பார்த்தார். சிறுநீரிலுள்ள யூரிக் அமிலத்தை ஆராய நீரில் எளிதில் கரையும் உப்பு ஒன்று தேவைப்பட்டபோது, லித்தியம் யூரேட் என்னும் உப்பைப் பயன்படுத்தினார். வேறு நோக்கத்திற்காகச் சேர்க்கப்பட்ட லித்தியமே விலங்குகளை அமைதியுறச் செய்தது போல் தோன்றிற்று. அவ்வமைதி நச்சு விளைவாகவும் இருந்திருக்கலாம் எனப் பிற்கால ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

லித்தியம் அன்று புதிய பொருளன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கீல்வாதத்திற்கு அது கொடுக்கப்பட்டது. மனநோய்க்கும் அமெரிக்காவிலும் டென்மார்க்கிலும் சில மருத்துவர் அதனைப் பயன்படுத்தினர். பின்னர் அது மறக்கப்பட்டது. கேட் முதலில் தாமே லித்தியத்தை உட்கொண்டு தீங்கு நேர்கிறதா எனப் பார்த்தார். அதன் பின்னரே நோயாளர்களுக்குக் கொடுத்தார்.

முதல் நோயாளர்

முதலில் லித்தியம் பெற்றவர், மருத்துவ ஆவணங்களில் டபிள்யூ.பி. என்னும் முதலெழுத்துகளால் மட்டும் அறியப்படும் 51 வயது ஆடவர். ஐந்து ஆண்டுகள் இடைவிடாத மிகையெழுச்சியில் இருந்த அவர், நோயாளர் அறையில் கையாள மிகவும் கடினமானவராகக் கருதப்பட்டார். 1948 மார்ச் 29 அன்று சிகிச்சை தொடங்கிற்று. மூன்று வாரங்களில் அவர் தேறி, நலம்பெறுவோர் பகுதிக்கு மாற்றப்பட்டார். ஜூலை 9 அன்று, நாள்தோறும் இருவேளை மாத்திரை உட்கொள்ளும் அறிவுரையுடன் வீடு திரும்பினார். பழைய வேலையிலும் மீண்டும் சேர்ந்தார்.

இவ்வளவோடு வரலாறு முடிந்திருந்தால் அது வெற்றிக் கதையாக மட்டும் இருந்திருக்கும். ஆனால், நலமாக உணரத் தொடங்கிய டபிள்யூ.பி. மாத்திரையைச் சிறிது சிறிதாகத் தவறவிட்டு, இறுதியில் அறவே நிறுத்திவிட்டார். எரிச்சலும் நிலையின்மையும் திரும்பின. 1949 ஜனவரி இறுதியில் அவர் மீண்டும் சேர்க்கப்பட்டபோது, குறைந்தது ஆறு வாரங்களாக மருந்து உட்கொள்ளவில்லை என்பதை உறவினரே தெரிவித்தனர். மருந்து மீண்டும் தொடங்கப்பட, இரண்டு வாரங்களில் தேறினார்.

உறவினர் கூறிய அச்சிறு செய்தியின் மதிப்பைக் குடும்பத்தார் உணர்தல் வேண்டும். அது தெரியாதிருந்தால், லித்தியம் கொடுத்தும் நோய் திரும்பிவிட்டது என்றே மருத்துவர் முடிவு செய்திருப்பார். மருந்து பயனற்றதா, அல்லது மருந்து உட்கொள்ளப்படவில்லையா என்னும் வேறுபாட்டை வீட்டில் உள்ளோரின் உண்மையான சொல்லே தெளிவாக்கிற்று.

1949 செப்டம்பரில் கேட் தம் அறிக்கையை ஆஸ்திரேலிய மருத்துவ இதழில் வெளியிட்டார். மிகையெழுச்சி உடைய 10 பேரும் முன்னேற்றம் அடைந்ததை அதில் பதிவு செய்தார். மனச்சிதைவு உடைய 6 பேருள் சிலர் அமைதியுற்றனரேயன்றி அடிப்படை நோய் மாறவில்லை என்பதையும், மனச்சோர்வு உடைய 3 பேருக்குப் பயன் இல்லை என்பதையும் மறைக்காமல் எழுதினார்.

பின்னடைவும் உயிரிழப்பும்

அதே 1949ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வேறொரு நிகழ்வு நேர்ந்தது. உப்பைக் குறைக்குமாறு அறிவுறுத்தப்பட்ட இதய நோயாளர்களும் உயர் இரத்த அழுத்தம் உடையோரும் சமையலுப்புக்கு மாற்றாக லித்தியம் குளோரைடைப் பயன்படுத்தினர். சிலர் நச்சேறி இறந்தனர். அப்பொருள் விற்பனையிலிருந்து விலக்கப்பட்டது. லித்தியம் என்றாலே மருத்துவர் அஞ்சும் நிலை உண்டாயிற்று.

1950 மே மாதத்தில் டபிள்யூ.பி.யும் லித்தியம் நச்சால் உயிரிழந்தார். அவரை மீட்டதும் அம்மருந்தே. அவர் உயிரைப் பறித்ததும் அம்மருந்தே. பயன் தரும் அளவிற்கும் தீங்கு தரும் அளவிற்கும் இடைவெளி மிகக் குறுகியது என்பதும், அதனை நோயாளரின் தோற்றத்தைக் கொண்டு மட்டும் கணிக்க இயலாது என்பதும் புலனாயின. கேட் லித்தியம் கொடுப்பதை நிறுத்தினார்.

இரத்தத்தில் அளவிடும் முறை

மருந்தைக் கைவிடுவதா, அளந்து கொடுப்பதா என்னும் வினாவிற்கு மெல்போர்ன் ஆய்வாளர்கள் சிலர் விடை கண்டனர். சார்லஸ் நோவாக், எட்வர்ட் டிராட்னர் ஆகிய இருவரும் நூற்றுக்கு மேற்பட்ட நோயாளர்களுக்கு லித்தியம் கொடுத்த பட்டறிவை 1951ஆம் ஆண்டில் வெளியிட்டனர். இரத்தத்தில் கலந்துள்ள லித்தியத்தின் அளவைக் கருவியால் கண்டறிந்து, அதற்கேற்ப மாத்திரையைக் கூட்டியும் குறைத்தும் கொடுக்கும் வழி பிறந்தது. இன்று நோயாளரிடம் கேட்கப்படும் இரத்தப் பரிசோதனை, டபிள்யூ.பி. போன்றோரின் உயிரிழப்புகள் மீண்டும் நேராதிருக்க ஏற்பட்ட பாதுகாப்பே ஆகும்.

நீண்டகாலப் பதிவுகள் காட்டிய உண்மை

கேட்டின் அறிக்கையைப் படித்த டென்மார்க் மருத்துவர் மோகன்ஸ் ஷூ, 1954ஆம் ஆண்டில் லித்தியம் குறித்த முறையான ஆய்வொன்றை வெளியிட்டார். அதில் நோயாளர் சிலருக்கு லித்தியமும் சிலருக்கு மருந்தில்லாப் போலி மாத்திரையும் கொடுக்கப்பட்டு, விளைவுகள் ஒப்பிடப்பட்டன. மிகையெழுச்சியை லித்தியம் தணிக்கிறது என்பது உறுதியாயிற்று. நோய் மீண்டும் வராமல் அது தடுக்குமா என்பது அப்போது எவருக்கும் தெரியாது.

அதற்கான முதல் தடயம் நோயாளர்களிடமிருந்தே கிடைத்தது. டென்மார்க்கில் பவுல் கிறிஸ்டியன் பாஸ்ட்ரப் என்னும் மருத்துவர், லித்தியம் பெற்று வீடு திரும்பியோருக்குப் பின்னாளில் தீங்கு நேர்ந்ததா என அறிய அவர்களைத் தேடிச் சென்று கேட்டார். வீடு திரும்பியபின் மருந்தை நிறுத்துமாறு சொல்லப்பட்டிருந்தும், சிலர் தாமாகவே தொடர்ந்து உட்கொண்டதை அறிந்தார். தொடர்ந்தால் நோய் திரும்புவதில்லை என்பதே அவர்கள் கூறிய காரணம். மருத்துவர் எதிர்பாராத உண்மையை நோயாளரின் அன்றாட வாழ்க்கை வெளிப்படுத்திற்று.

பாஸ்ட்ரப்பும் ஷூவும் 88 பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1967ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். ஒவ்வொருவரும் லித்தியம் தொடங்குமுன் எத்தனை முறை, எவ்வளவு காலம் நோயுற்றிருந்தார், தொடங்கிய பின் எவ்வாறு இருந்தார் என்பதை அருகருகே வைத்து ஒப்பிட்டனர். ஆண்டிற்குச் சராசரியாக 13 வாரங்கள் நோயில் கழித்தவர்கள், லித்தியம் உட்கொண்ட காலத்தில் சுமார் 2 வாரங்களே நோயுற்றிருந்தனர்.

இம்முடிவை அனைவரும் ஏற்கவில்லை. 1968ஆம் ஆண்டில் பிரித்தானிய மருத்துவர் பேரி பிளாக்வெல்லும் மைக்கேல் ஷெப்பர்டும் வலுவான மறுப்பை எழுதினர். நோய் மிகக் கடுமையாக இருக்கும் காலத்திலேயே மருந்து தொடங்கப்படுகிறது. அதன்பின் நோய் இயல்பாகவே தணிந்திருக்கலாம். அதனை மருந்தின் பயன் எனக் கொள்வது எவ்வாறு என அவர்கள் கேட்டனர். அது நியாயமான கேள்வியே.

அதற்கு விடையாக டென்மார்க் மருத்துவர்கள் மற்றோர் ஆய்வு நடத்தினர். லித்தியம் உட்கொண்டு நலமாக இருந்த 84 பேருள் 45 பேருக்கு லித்தியம் தொடரப்பட்டது. 39 பேருக்குப் போலி மாத்திரை கொடுக்கப்பட்டது. யாருக்கு எது என்பது நோயாளருக்கும் கவனிக்கும் மருத்துவருக்கும் தெரியாது. ஐந்து மாதங்களில் போலி மாத்திரை பெற்ற 39 பேருள் 21 பேருக்கு நோய் திரும்பியது. லித்தியம் பெற்றோருள் ஒருவருக்கும் திரும்பவில்லை. 1970ஆம் ஆண்டில் இம்முடிவு வெளிவந்தது. அதே ஆண்டில் அமெரிக்க அரசும் மிகையெழுச்சிக்கு லித்தியம் வழங்க ஒப்புதல் அளித்தது.

கேட்டின் பிற்காலம்

1952ஆம் ஆண்டு முதல் 1977ஆம் ஆண்டில் ஓய்வு பெறும்வரை கேட் மெல்போர்னின் ராயல் பார்க் மனநல மருத்துவமனையின் தலைமைப் பொறுப்பில் இருந்தார். தாம் தொடங்கிய பணியைப் பிறர் வளர்த்தெடுத்ததைக் கண்டார். 1970களில் பன்னாட்டுப் பரிசுகள் அவரைத் தேடி வந்தன. அவற்றுள் ஒன்றை மோகன்ஸ் ஷூவுடன் பகிர்ந்துகொண்டார். லித்தியம் இயற்கையில் கிடைக்கும் தனிமம் ஆதலால் அதற்குக் காப்புரிமை ஏதும் இல்லை. கண்டறிந்தவருக்கு அதனால் செல்வம் சேரவுமில்லை. 1980 நவம்பர் 16 அன்று கேட் காலமானார்.

நடைமுறைத் தரவு என்றால் என்ன?

மருந்தின் பயனை இருவகையாக அளக்கின்றனர். முதலாவது, கட்டுப்படுத்தப்பட்ட மருத்துவ ஆய்வு. இதில் தேர்ந்தெடுக்கப்பட்ட நோயாளர்களுக்குக் குறித்த அளவில், குறித்த காலம் மருந்து கொடுக்கப்பட்டு, மருந்து பெறாதோருடன் ஒப்பிடப்படுகிறது. இரண்டாவது, நடைமுறைத் தரவு. மருத்துவமனைப் பதிவேடு, மருந்து வழங்கிய பதிவு, மீண்டும் சேர்க்கப்பட்ட நாள், வேலைக்குத் திரும்பிய நாள் போன்று அன்றாடச் சிகிச்சையில் திரளும் செய்திகளே நடைமுறைத் தரவாகும்.

தாமிரபரணிப் பாசனத்தை அறிந்தோருக்கு இவ்வேறுபாடு எளிதில் விளங்கும். பாபநாசம் அணையில் திறந்துவிடப்படும் நீரின் அளவு ஒரு கணக்கு. அணைக்கட்டுகளையும் கால்வாய்களையும் கடந்து கடைமடை வயலுக்கு எவ்வளவு நீர் வந்து சேர்ந்தது என்பது மற்றொரு கணக்கு. முதற்கணக்கு இல்லாமல் நீர் எங்கே குறைந்தது எனக் கூற இயலாது. இரண்டாம் கணக்கு இல்லாமல் பயிர் பிழைக்குமா எனக் கூற இயலாது. மருந்திற்கும் இரு கணக்குகளும் வேண்டும். வேறு நோய்களும் உடையவர், முதியவர், மாத்திரையைச் சில நாள் மறப்பவர், தொலைவிலிருந்து பேருந்தில் வந்து மருந்து பெறுபவர் ஆகியோரைப் பற்றி மருத்துவ ஆய்வுகள் குறைவாகவே கூறும். அவர்களைப் பற்றி நடைமுறைத் தரவே கூறும்.

பின்லாந்து நாட்டில் இருமுனைக் கோளாறு உடைய 18,018 பேரின் மருத்துவப் பதிவுகள் 1996 முதல் 2012 வரை ஆராயப்பட்டு, முடிவு 2018ஆம் ஆண்டில் வெளியாயிற்று. ஒரே நோயாளர் மருந்து உட்கொண்ட காலத்தையும் உட்கொள்ளாத காலத்தையும் ஒப்பிடும் முறை அதில் கையாளப்பட்டது. மீண்டும் மருத்துவமனையில் சேர நேரும் வாய்ப்பை மிகவும் குறைத்த மருந்துகளுள் லித்தியமும் இருந்தது. டபிள்யூ.பி.யின் வாழ்வில் கேட் கண்ட அதே ஒப்பீடு, பல்லாயிரம் பேரின் பதிவுகளில் மீண்டும் உறுதியாயிற்று.

தமிழ்நாட்டிலும் இத்தகைய நீண்டகாலக் கவனிப்பு நடந்துள்ளது. 1980களின் தொடக்கத்தில், மனச்சிதைவு நோய்க்கு முதன்முறையாகச் சிகிச்சை பெற வந்த 90 பேரைச் சென்னை மருத்துவர்கள் பதிவு செய்து, பத்து, இருபது ஆண்டுகள் கடந்தும் தொடர்ந்து கவனித்தனர். நம் சமூகத்தில் இந்நோய் எவ்வாறு போகிறது என்பதைப் பற்றி இன்று அறியப்படுவனவற்றில் பல அப்பணியால் கிடைத்தவை.

நடைமுறைத் தரவுக்கும் குறைகள் உண்டு. மருந்தைத் தவறாமல் உட்கொள்வோர் பெரும்பாலும் குடும்ப ஆதரவு உடையவராகவும் இருப்பர். அவர்கள் நலமாக இருப்பதற்கு மருந்து, ஆதரவு ஆகிய இரண்டில் எது காரணம் எனப் பிரித்தறிவது கடினம். ஒருவருக்கு ஒரு மருந்து பயனளித்தது என்னும் செய்தி மற்றவருக்குச் சான்றாகாது என்பதற்கும் இதுவே காரணம். பக்கத்து வீட்டார் நலம்பெற்ற மாத்திரையைக் கேட்டு வாங்கி உட்கொள்ளுதல் கூடாது.

உங்கள் பதிவேடு, உங்கள் சான்று

பல்லாயிரம் பேரின் தரவு ஒரு மருந்தின் பொதுவான பயனைக் கூறும். அம்மருந்து உங்களுக்கு எவ்வளவு பயன்படுகிறது என்பதை உங்கள் பதிவுகளே கூறும். நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் ஒன்று இதற்குப் போதும். கீழ்க்கண்டவற்றை நோயாளரோ குடும்பத்தாரோ குறித்து வரலாம்.

• மாத்திரை உட்கொண்ட நாள்களும் தவறிய நாள்களும்
• இரவில் உறங்கிய நேரம்
• மனநிலை: இயல்பு, சோர்வு, மிகையெழுச்சி என ஒரு சொல்லில்
• வேலைக்கு, வயலுக்கு, பள்ளிக்குச் சென்ற நாள்கள்
• கைநடுக்கம், மிகுதாகம், உடல் எடைக் கூடுதல் போன்ற பக்கவிளைவுகள்
• இரத்தப் பரிசோதனை நாளும் முடிவும்
• சித்த மருந்து, ஆயுர்வேத மருந்து, கடையில் வாங்கிய மாத்திரை உட்பட உட்கொண்ட பிற மருந்துகள்

மாத்திரையை நிறுத்தியிருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் கூறுதல் வேண்டும். எவரும் உங்களைக் கடிந்துகொள்வதற்காக அதனைக் கேட்பதில்லை. உண்மை தெரியாவிட்டால், பயன்தரும் மருந்து பயனற்றது என மாற்றப்படலாம். அல்லது தேவையின்றி அளவு கூட்டப்பட்டு நச்சேறலாம்.

லித்தியத்தைத் திடீரென நிறுத்தினால் நோய் விரைவில் திரும்பக்கூடும். நிறுத்த விரும்பினால் மருத்துவரின் மேற்பார்வையில் படிப்படியாகக் குறைத்தல் வேண்டும். கருவுற்றிருப்போரும் கருவுற விரும்புவோரும் முன்கூட்டியே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

இரத்தப் பரிசோதனை

கடைசி வேளை மாத்திரை உட்கொண்டு 12 மணி நேரம் கழித்து இரத்தம் எடுக்கப்பட வேண்டும். இரவு 9 மணிக்கு மாத்திரை உட்கொண்டவர் காலை 9 மணிக்கு இரத்தம் கொடுத்து, அதன் பின்னரே காலை மாத்திரையை உட்கொள்ளலாம். தொடர் சிகிச்சையில் லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருத்தல் பொதுவான இலக்கு. முதியோருக்கு இதனினும் குறைவாக வைக்கப்படலாம். மருந்து தொடங்கிய அல்லது அளவு மாற்றிய ஒரு வாரத்திலும், பின்னர் மருத்துவர் குறிக்கும் இடைவெளியிலும் பரிசோதனை தேவை. சிறுநீரகம், தைராய்டு ஆகியவற்றின் செயல்பாடும் அவ்வப்போது பார்க்கப்படும்.

தாமிரபரணிப் பகுதியில் கவனிக்க வேண்டியவை

நம் உடல் லித்தியத்தை உப்பிலுள்ள சோடியத்தைப் போலவே கையாள்கிறது. உடலில் நீரும் உப்பும் குறைந்தால் சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றாமல் தேக்கிக்கொள்ளும். மாத்திரையின் அளவு மாறாமலே இரத்தத்தில் லித்தியம் உயர்ந்துவிடும். ஆகவே, பின்வருவனவற்றில் கவனம் தேவை.

கோடை வெயில்: அக்னி நட்சத்திரக் காலத்தில் நெல்வயல், வாழைத்தோட்டம், உப்பளம், செங்கல்சூளை ஆகியவற்றில் வேலை செய்வோர் வியர்வையால் நீரையும் உப்பையும் இழப்பர். அடிக்கடி நீரும் உப்பிட்ட மோர் அல்லது கஞ்சியும் பருக வேண்டும்.

விரதமும் நடைப்பயணமும்: கந்த சஷ்டி விரதம், ரமலான் நோன்பு, தவக்கால ஒறுத்தல், திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை ஆகியவற்றை மேற்கொள்ளுமுன் மருத்துவரிடம் கலந்து பேச வேண்டும். தண்ணீரும் பருகாத நோன்பு ஆபத்தாகலாம்.

உப்பு: இரத்த அழுத்தத்திற்காக உப்பைத் திடீரென நிறுத்துதல் கூடாது. இன்று கடைகளில் கிடைக்கும் சோடியம் குறைந்த உப்பில் லித்தியம் இல்லை. எனினும் அதற்கு மாறுவதும் உடலின் சோடியத்தைக் குறைக்கும் ஆதலால் மருத்துவரிடம் கேட்டே மாற வேண்டும்.

வலி மாத்திரைகள்: முட்டுவலி, முதுகுவலி ஆகியவற்றிற்கு மருந்துக்கடையில் வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் முதலியவை லித்தியத்தின் அளவை உயர்த்தும். இரத்த அழுத்தத்திற்கான மாத்திரைகளிலும் நீர் பிரியும் மாத்திரைகளிலும் சில அவ்வாறே செய்யும். எந்த மருத்துவரிடம் சென்றாலும் லித்தியம் உட்கொள்வதை முதலில் தெரிவிக்க வேண்டும்.

உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய அறிகுறிகள்

• தொடர் வாந்தி அல்லது வயிற்றுப்போக்கு
• முன்னினும் கடுமையான கைநடுக்கம்
• நடையில் தள்ளாட்டம்
• பேச்சுக் குழறல்
• மிகுந்த அயர்வு, குழப்பம், நினைவு தடுமாறுதல், வலிப்பு

இவற்றுள் ஏதேனும் தோன்றினால் அடுத்த வேளை மாத்திரையை உட்கொள்ளாமல், மருந்துச் சீட்டுடன் உடனே அருகிலுள்ள மருத்துவமனையை அடைய வேண்டும். அவசர ஊர்திக்கு 108 என்னும் எண்ணை அழைக்கலாம்.

உதவி பெறும் இடங்கள்

திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநல மருத்துவத் துறையிலும், மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவ முகாம்களிலும் சிகிச்சையும் ஆலோசனையும் பெறலாம். டெலி மானஸ் தொலைபேசிச் சேவையை 14416 என்னும் எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் அழைக்கலாம். தற்கொலை எண்ணம் தோன்றினால் நோயாளரும் குடும்பத்தாரும் காத்திராமல் உடனே உதவி நாட வேண்டும்.

அடுத்த முறை மருத்துவரைக் காணச் செல்லும்போது மருந்துச் சீட்டு, இரத்தப் பரிசோதனை முடிவுகள், குறிப்பேடு ஆகிய மூன்றையும் உடன் எடுத்துச் செல்க. நோயாளருடன் வாழும் ஒருவரும் உடன் செல்லுதல் நன்று.